மூன்று மணிச் சங்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் மூச்சு பத்தாமல் அவுட் ஆகவில்லை. ரூட் ஒன்பது பெண்கள் அப்படித்தான் கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பச்சைப் பொய். முப்பது வினாடி என்ன, நாற்பது வினாடி வேண்டுமானாலும் ஒரே மூச்சில் கபடி கபடி என்று பாடிக்கொண்டு நிற்பேன். சந்தேகம் இருந்தால் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள்.

என் பெயர் பாண்டிச்செல்வி. ஊர் சங்கரன்கோவில் பக்கம். வயது இருபத்தாறு. ஒரகடத்தில் காருக்குள் போகிற வயர் தயாரிக்கும் கம்பெனியில் நாலு வருஷமாக கான்ட்ராக்ட் வேலை. வயர் முனையில் பித்தளைத் துண்டை வைத்து பிரஸ்ஸில் அழுத்த வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு வயர். என் கான்ட்ராக்ட் ஜனவரி முப்பத்தொன்றோடு முடிகிறது, அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று எச்.ஆரில் டிசம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். அம்மா சும்மா இருப்பாளா? முப்பத்தொன்றாம் தேதி பஸ்ஸுக்கே டிக்கெட் போடச் சொன்னாள். போட்டும் ஆயிற்று.

அந்த ஒரு மாசத்தில் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மாநில அளவில் ஒரு மேட்ச் ஆட வேண்டும். ஜெயிக்கக்கூட வேண்டாம். முதுகில் நம்பர் போட்ட ஜெர்சியோடு ஒரு முறை கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டு வர வேண்டும்.

பன்னிரண்டாவது படிக்கும்போது மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுத்தார்கள். பன்னிரண்டு பேர் லிஸ்ட். நான் பதின்மூன்றாவது. யாருக்காவது அடிபட்டால் இறக்கலாம் என்று பத்து நாள் கூடவே வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பேரும் கல்லுக்குண்டு மாதிரி நன்றாக இருந்தார்கள். நான் தண்ணீர் பாட்டிலைச் சுமந்துவிட்டு ஊருக்கு வந்தேன். பதின்மூன்றாவது ஆளுக்கு ஜெர்சி கிடையாது. மறு வருஷம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நடந்த ஒரு மேட்ச்சில் வலது முழங்கால் மூட்டில் சவ்வு கிழிந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் என் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக் கிடந்த அம்மா, வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "இனிமே கபடிங்குத சத்தமே இந்த வீட்ல கேக்கக் கூடாது, ஆமா."

கேட்கவில்லை. வீட்டில் கேட்கவில்லை. ஒரகடம் அவள் வீடு இல்லையே. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்தால் ஓ.டி. என்று சொல்லிவிடுவேன். ரெண்டு வருஷமாக அந்தப் பொய் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவை ஏமாற்றுகிறோமே என்று இருக்கும். ஆனாலும் சொல்வேன்.

எங்கள் டீமுக்குப் பெயர் ரூட் நாலு. சிரிக்காதீர்கள். கம்பெனி பஸ்ஸின் ரூட் நம்பர் அது. பிள்ளைப்பாக்கம் கபடிக் குழு இந்தப் பக்கம் வேலை செய்யும் பெண்களுக்காக ஒரு கப் நடத்துகிறது. எந்தக் கம்பெனி, பர்மனென்ட்டா கான்ட்ராக்டா என்றெல்லாம் அவர்கள் கேட்பதில்லை. ஏழு பேரும் வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால் போதும். கப்பை ஜெயிக்கிற டீம் பிப்ரவரியில் திண்டுக்கல்லில் மாநில ஓப்பன் போட்டிக்குப் போகும். ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் ஒன்றாகச் சேர்ந்து டீம் கட்டுவது எங்கள் கம்பெனிப் பழக்கம். ஏனென்றால் வேறு எங்கே எங்களால் ஏழு பேராகச் சேர முடியும்? ஏ ஷிப்ட் மூன்று மணிக்கு முடியும், பஸ் மூன்று இருபதுக்குக் கிளம்பும். அந்த இருபது நிமிஷத்தில் கம்பெனிச் சுவரை ஒட்டி இருக்கிற காலி மனையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடுவோம். பஸ் டிரைவர் கன்னியப்பன் அண்ணன் மூன்று இருபதுக்குச் சரியாக இறங்கி டயரை உதைத்துப் பார்க்க ஆரம்பிப்பார். எல்லா டயரையும் உதைத்து முடிக்க அவருக்குப் பத்து நிமிஷம் ஆகும். வருஷம் பூராவும் அந்த டயர்களில் அவருக்குச் சந்தேகம் தீரவே இல்லை.

கன்னியப்பன் அண்ணனின் மனைவிதான் எங்கள் கேப்டன், மரகதம் அக்கா. பிள்ளைப்பாக்கத்துக்காரி. வயது முப்பத்தைந்து, ரெண்டு பிள்ளைகள், எங்கள் கம்பெனியிலேயே இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் வேலை. இடது கார்னரில் நின்று கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். வாய் மட்டும் கையைவிட வேகம்.

ஜனவரி முதல் ஞாயிறு, முதல் லீக் மேட்ச். எதிரே ரூட் ஒன்பது. அவர்களும் எங்கள் கம்பெனிதான், வேறு லைன். மைதானம் கம்பெனிக்குப் பின்புறம், சுவருக்கு அந்தப் பக்கம். கடைசி நிமிஷத்தில் ரெண்டு பேரும் சமம். ரெய்டு என்னுடையது. வலது கார்னரில் இருந்த பெண்ணைத் தொட்டுவிட்டேன். திரும்பி நாலு எட்டு வைத்தால் நடுக்கோடு. யாரும் என்னைப் பிடிக்கக்கூட இல்லை. அப்போது சங்கு ஊதியது.

எங்கள் கம்பெனியில் சைரனைச் சங்கு என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. ஓடும், அதனால் மூன்று மணிக்கு அதுவும் ஊதும். எங்கள் லைனில் ஒரு ரூல் இருக்கிறது. சங்கு ஊதியதும் பிரஸ்ஸில் இருந்து ரெண்டு கையையும் எடுத்துத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். முப்பத்திரண்டு பேரும் தூக்கிவிட்டோமா என்று சூப்பர்வைசர் எண்ணிப் பார்த்த பிறகுதான் கரன்ட்டை நிறுத்துவார். நல்ல ரூல்தான், விரல் பத்தும் பத்திரமாக இருக்கிறது. ஒரு ஷிப்டுக்கு ஐந்து சங்கு. நாலு வருஷம். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

சங்கு ஊதியது. நான் நின்றேன். ரெண்டு கையும் தோள் உயரத்துக்குப் போயின. பாட்டு நின்றுபோனது.

எதிர் டீமிலும் மூன்று பேர் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றார்கள். ஆனால் பிடிக்கிறவள் கையைத் தூக்கினால் ஒன்றும் ஆகாது. பாடிப் போகிறவள் வாயை மூடினால் அவுட். ரெப்ரி விசில் ஊதினார். ஒரு பாயிண்டில் தோற்றோம். மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்போது பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

மரகதம் அக்கா கோட்டுக்கு வெளியே இருந்து ஓடி வந்தாள்.

"இன்னாடி பண்ண நீ? போலீஸ் புட்ச்ச மாரி கைய தூக்கிக்கினு நிக்கிற?"

"சங்கு ஊதிட்டுல்லா, யக்கா."

"ஊத்னா? உனக்கா ஊத்னான்? உள்ள வேல செய்றவனுக்கு ஊத்னான். உனக்கின்னாடி வந்துச்சு?"

"நான் என்ன செய்ய? கை அதுவா மேல போயிட்டு."

"கை போச்சு, சரி. வாய்க்கு இன்னா கேடு? ஒரு நாள் பூரா தொணதொணன்னு பேசுவ இல்ல, இப்ப மட்டும் பூட்டு போட்டுக்கினியா?"

எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. மூட்டில் போட்டிருந்த பட்டையைக் கழற்றி அவள் காலடியில் எறிந்தேன்.

"வேற ஆளப் பாத்துக்கிடுங்க. நான் இனிமே வரல."

"போ. யாரு உன்ன கெஞ்சிக்கினு கீறது?"

போனேன். ஹாஸ்டல் வரைக்கும் நடந்தே போனேன், மூன்று கிலோமீட்டர். வழியெல்லாம் அழுகை. தோற்றதற்கு இல்லை. தொட்டுவிட்டேனே, நாலே எட்டு இருந்ததே, எவளும் என்னைப் பிடிக்கவில்லையே என்றுதான் நெஞ்சு வெந்தது. பிடித்துத் தோற்கடித்திருந்தால் மனசு ஆறியிருக்கும். நானே என்னை நிறுத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறினால், மரகதம் அக்கா எப்போதும் போலப் பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். நான் பார்க்காத மாதிரி பின்னால் போகப் போனேன்.

"ஏய், மூஞ்ச தூக்கி வச்சிக்கினு போனா பின்னாடி ஒண்ணும் சிம்மாசனம் போட்டு வைக்கல. ஒக்காரு."

உட்கார்ந்தேன். மூட்டுப் பட்டையைத் துவைத்துக் காயவைத்து எடுத்து வந்திருந்தாள். என் மடியில் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். நான் அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று ஒன்பது மணி டீ சங்கு ஊதும்போதுதான் அதைக் கவனித்தேன். பக்கத்து பிரஸ்ஸில் இருக்கிற அமலா, எங்கள் டீமில் இன்னொரு ரெய்டர், தன் அண்ணி வளைகாப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியது. கை மேலே போனது. அவள் பேச்சு பாதி வார்த்தையில் நின்றது. லைன் முழுக்க முப்பத்திரண்டு வாயும் மூடிக்கொண்டன. சூப்பர்வைசர் எண்ணி முடித்து "ஓகே" என்ற பிறகுதான் சத்தம் திரும்ப வந்தது. கையைத் தூக்கத்தான் ரூல் போட்டிருக்கிறார்கள். வாயை மூடச் சொல்லி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. சுவரில் இருக்கிற எல்லா போர்டையும் டீ குடித்துக்கொண்டே படித்துப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

அட பாவிகளா, இதை நாங்களாகவே கற்றுக்கொண்டோமா என்று இருந்தது.

அன்றைக்கே முடிவு செய்தேன். கை கம்பெனிக்கு, வாய் எனக்கு. அடுத்த சங்கு ஊதும்போது கையைத் தூக்கிக்கொண்டு, மாஸ்க்குக்குள் கபடி கபடி என்று பாட வேண்டும். கேட்க எவ்வளவு சுலபம்! பதினொன்றரைக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. ஊதி முடிந்து, கரன்ட் நின்று, எல்லோரும் எழுந்து போன பிறகுதான் பாட வேண்டும் என்ற ஞாபகமே வந்தது. அடுத்ததிலும் மறந்தேன். மூன்று மணிச் சங்கில் ஞாபகம் இருந்தது, ஆனால் 'க' என்று தொடங்கியதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை ஐந்துக்கு ஐந்தும் தோல்வி. புதன்கிழமை சங்கு ஊதுவதற்குப் பத்து வினாடி முன்பே கடிகாரத்தைப் பார்த்துப் பாட ஆரம்பித்தேன். சங்கு வந்ததும் அறுந்து போனது. அந்த வாரம் முழுக்க ஒரு தடவைகூட முடியவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மூட்டு கிழிந்தபோதுகூட நான் இவ்வளவு கஷ்டப்படவில்லை. காலுக்குப் பயிற்சி சொல்லித்தர ஆஸ்பத்திரியில் ஆள் இருந்தார்கள். இதற்கு யாரிடம் போய்க் கேட்பது?

ரெண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுச் சங்கில் முதல் தடவை முடிந்தது. சங்கு ஊதி ஓய்கிற வரைக்கும் மாஸ்க்குக்குள் என் பாட்டு நிற்கவே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சூப்பர்வைசர் புருஷோத்தமன் சார் எண்ணிக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றார்.

"இன்னாம்மா, மாஸ்க்குள்ள முணுமுணுத்துக்கினு கீற?"

"சாமி கும்புடுதேன் சார்."

"எந்த சாமி?"

"வல்லக்கோட்டை முருகன் சார்."

"நம்ம லைன் டார்கெட்டுக்கும் சேத்து வேண்டிக்கமா," என்று சொல்லிவிட்டுப் போனார். அமலா சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். மறுநாளில் இருந்து அவளும் பாட ஆரம்பித்தாள்.

அடுத்த ரெண்டு ஞாயிறும் மேட்ச்சுகளை ஜெயித்தோம். நான்தான் அதிகப் பாயிண்ட். ஆனால் அவை எல்லாம் காலையில் நடந்த மேட்ச்சுகள், சங்குக்கு வேலை இல்லை. புள்ளிக் கணக்கில் ரூட் ஒன்பது முதல் இடம், நாங்கள் ரெண்டாம் இடம். பைனல் ஜனவரி கடைசி ஞாயிறு, மதியம் ரெண்டரைக்கு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மரகதம் அக்கா நோட்டீஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டர. மூணு மணிக்கு சங்கு ஊத்துவானே. உஷாரா இருந்துக்கோ பாண்டி."

"ஊதட்டும் யக்கா. நல்லா ஊதட்டும்."

"வாயப் பாரு," என்றாள். ஆனால் சிரித்தாள்.

பைனலுக்கு முந்தின நாள் அம்மா போன் செய்தாள். என் பழைய கட்டிலைப் பின்பக்க அறையில் போட்டிருக்கிறாளாம். பீடிக் கடையில் எனக்கும் சேர்த்து இலை கேட்டிருக்கிறாளாம், ரெண்டு பேரும் உட்கார்ந்து சுற்றினால் பொழுது போகுமாம். கோடையில் மாப்பிள்ளை பார்க்கலாமாம். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். ஜெயித்தால் கம்பெனியில் ரெண்டு வாரம் கூடுதலாக இருக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு பொய்யை மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். திண்டுக்கல் போய் ஆடிவிட்டு அப்படியே ஊருக்கு வந்துவிடலாம். அதன்பிறகு பீடி சுற்றச் சொன்னாலும் சுற்றுவேன், கழுத்தை நீட்டச் சொன்னாலும் நீட்டுவேன். அந்த ஒரு மேட்ச் மட்டும் கிடைத்தால் போதும் என்று கிடந்தேன்.

பைனல் தொடங்கும்போது மணி ரெண்டே முக்கால். மாலை போடுவதிலும் மைக்கைத் தட்டுவதிலும் கால் மணி நேரம் போய்விட்டது. ரூட் ஒன்பது கேப்டன் சசிரேகா நல்ல உயரம், நடுவில் நின்று பிடிக்கிறவள், சங்கிலிபோல ரெண்டு பேரைக் கையில் கோத்துக்கொண்டு வருவாள். முதல் பத்து நிமிஷம் எங்களைப் புரட்டி எடுத்தார்கள். நான் ரெண்டு தடவை அவுட். அமலா ஒரு தடவை. எட்டுக்கு மூன்று. மரகதம் அக்கா கார்னரில் தனி ஆளாக இரண்டு கணுக்காலைப் பிடித்து எங்களை உள்ளே கொண்டுவந்தாள்.

மூன்று மணிக்கு நான் ரெய்டில் இருந்தேன்.

சங்கு ஊதியது. என் கை ரெண்டும் துடித்தன, அதை மறைக்கவில்லை. லேசாக மேலே போகவும் செய்தன. வாய் நிற்கவில்லை. கபடி கபடி கபடி. எதிரே சசிரேகாவின் ரெண்டு பக்கத்திலும் நின்ற ரெண்டு பேரும் கோத்திருந்த கையை விட்டுத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். போன தடவை ஜெயித்தவர்களுக்கு எதையும் மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை. நான் ஆளுக்கொரு தட்டு தட்டிவிட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, மூச்சு விட்டேன். மைதானமே எழுந்து கத்தியது. சசிரேகா ரெப்ரியிடம் போய்ச் சங்கு ஊதும்போது எப்படி பாயிண்ட் குடுப்பீங்க என்று சண்டை போட்டாள். ரெப்ரி சொன்னார், "நான் விசில் ஊத்னனா? இல்ல இல்ல? அப்ப போய் ஒக்காரு."

அங்கேயே மேட்ச் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இன்னும் பாதி ஆட்டம் பாக்கி இருந்தது. சசிரேகா லேசுப்பட்டவள் இல்லை. ஒவ்வொரு பாயிண்டாகத் திரும்ப எடுத்தாள். நாங்கள் ரெண்டு முன்னே போனால் அவர்கள் மூன்று. கடைசி ரெண்டு நிமிஷத்தில் மரகதம் அக்கா பிடிக்கப் போய்த் தவறி வெளியே விழுந்தாள். கடைசி ரெய்டு என்னிடம் வந்தபோது நாங்கள் இருபத்து மூன்று, அவர்கள் இருபத்து நாலு. அவர்கள் பக்கம் நாலு பேர். ஒன்று எடுத்தால் சமம். ரெண்டு எடுத்தால் திண்டுக்கல்.

போனேன். இடது பக்கம் ஏமாற்றிவிட்டு வலது கார்னரைக் காலால் தொட்டேன். தொட்டது எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. திரும்பினேன். சசிரேகா என் கணுக்காலைப் பிடித்தாள். விழுந்தேன். என்மேல் நாலு பேரும் விழுந்தார்கள். என் கை நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் என்னைப் பிடித்த நாலு பேரும் அவுட், நாலு பாயிண்ட். பாடிக்கொண்டே இழுத்தேன். மண்ணில் நகத்தை ஊன்றி இழுத்தேன். மூட்டு கத்தியது. கத்தட்டும் என்று விட்டேன். கோடு கண்ணுக்கு நேரே, வெள்ளையாக, ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சுண்ணாம்பு வாசம்கூட மூக்கில் ஏறியது. எனக்கு அது வேண்டும். என் வாழ்க்கையில் எதையும் நான் அப்படிக் கேட்டதில்லை.

ரெப்ரியின் விசில் கேட்டது. முப்பது வினாடி முடிந்துவிட்டது. கேட்டும் நான் நிறுத்தவில்லை. கபடி கபடி கபடி. மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சசிரேகா என் காலை விட்டுவிட்டு, "யம்மா, வுடவே மாட்டியா நீ," என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. நான் ஊர்ந்து போய்க் கோட்டைத் தொட்டேன். தொட்டும் நிறுத்தவில்லை. மரகதம் அக்கா வந்து மண்ணில் உட்கார்ந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சிட்சுடி. விசில் அட்ச்சாச்சு. வுடு. போதும், மூச்ச வுடு."

விட்டேன். மூச்சோடு அழுகையும் வந்தது. அவளும் அழுதாள். முப்பத்தைந்து வயசுப் பொம்பளை, ரெண்டு பிள்ளை பெற்றவள், அத்தனை பேர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். கப்பை அவர்கள் வாங்கியதை நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் போகும்போது அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"வல்லக்கோட்ட ரோட்ல சீட் கவர் தைக்கற கம்பெனி ஒண்ணு கீது. ஆளு எடுக்கறாங்கோ. மொதல்லேர்ந்து ட்ரெயினிதான், சம்பளமும் கம்மி. எங்க வூட்டு மாடில ஒரு ரூம்பு சும்மா கெடக்குது."

நான் நகத்துக்குள் ஏறியிருந்த மண்ணை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இருன்னு சொல்லல. உங்கம்மாவ நெனச்சா எனக்கும் பேஜாரா கீது. ஒத்தப் பொண்ணு. சொல்லி வைக்கறேன், அவ்ளோதான். நானும் வர்ஷா வர்ஷம் இதான் லாஸ்ட்டுன்னு சொல்லிக்கினு கீறேன். அட்த்த ஜனவரி வந்தா ஷூவ தொடச்சிக்கினு நிப்பேன். வெக்கங்கெட்ட ஜென்மம்."

முன்னால் இருந்து கன்னியப்பன் அண்ணன், "அத்த நான் சொன்னா மட்டும் சண்டைக்கு வருவா," என்றார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த நேரம் ஊருக்குப் போகவே மனசில்லை. பின்பக்க அறை, கட்டில், மடியில் பீடித்தட்டு. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கமும் இருந்தது, அதுவும் பொய் இல்லை. நாலு வருஷத்தில் எட்டே தடவைதான் ஊருக்குப் போயிருக்கிறேன். ரெண்டும் ஒரே நெஞ்சுக்குள் கிடந்து இழுத்தால் மனுஷி என்ன செய்வாள்?

ஹாஸ்டலில் குளித்துவிட்டு, முட்டியில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு, பாதி கட்டிய பையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் இன்னும் போகவில்லை. அம்மாவின் போன் வந்தது. அந்தப் பக்கம் பீடி இலை நறுக்குகிற கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏட்டி, சாமானெல்லாம் கட்டிட்டியா?"

"கட்டிக்கிட்டிருக்கேன்ம்மா."

"அந்தப் பச்சப் போர்வைய விட்டுட்டு வந்துராத. எத்தன மணிக்கு பஸ்சு?"

"அம்மா, நான் ஒண்ணு சொல்லுதேன். ஏசக் கூடாது."

"சொல்லு."

"ஞாயித்துக்கெழம எல்லாம் நான் ஓ.டி. பாக்கல. கபடி ஆடுதேன். ரெண்டு வருசமா ஆடுதேன்."

கத்தரிச் சத்தம் நின்றது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். திட்டுவாள், அழுவாள், சாமி பேரைச் சொல்லிச் சபிப்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள். "உக்காந்து வேல பாக்கவ, ஞாயித்துக்கெழம மட்டும் போன்ல அப்பிடி மூச்சு வாங்கிக்கிட்டா பேசுவா? பத்து மாசம் சொமந்தவளுக்கு அது கூடவா தெரியாது?"

நான் பையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பெறவு ஏன்ம்மா கேக்கல?"

"கேட்டா நிறுத்திருவ. நிறுத்துனா அந்த ஆஸ்பத்திரில கெடந்த மாதிரி மூஞ்சிய வச்சிக்கிடுவ. எனக்கு அதப் பாக்க ஏலாது." கத்தரிச் சத்தம் திரும்பத் தொடங்கியது. "இன்னைக்கும் ஆடுனியா?"

"ஆமா. பைனலு."

"செயிச்சியாட்டி?"

"இல்லம்மா," என்றேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "தோத்துட்டேன். ஒரு சாண்ம்மா. ஒரே ஒரு சாண்."

அவள் என்னை அழவிட்டாள். நான் மூக்கை உறிஞ்சி ஓய்ந்த பிறகு கேட்டாள்.

"காலு நல்லாருக்கா?"

"நல்லாருக்கும்மா."

"பெறவு, தோத்துட்டு இங்கன வந்து என்னட்டி செய்யப் போற?"